போகட்டும் என்று விட்ட ரத்தம்

வாய்த்துடுக்கு எனக்குப் பிறவிக்குணம். அன்றைக்கு ஒரு நாளாவது இந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கரியாலூரைத் தாண்டி மலைமேல் இருந்த எங்கள் ஊரில், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்ற நினைப்பே வராத காலம் அது. தங்கைக்குத் தலைப்பிரசவம். அவள் புருஷன் கரும்பு வெட்டக் கீழ்நாட்டுக்குப் போயிருந்தான். நாலு பெற்றவள் என்ற திமிரோடு நான்தான் கூட இருந்தேன். விடிந்ததும் பெண் குழந்தை பிறந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. கறுத்து, கட்டி கட்டியாகப் போனது.

"அக்கா, ரொம்பப் போவுதுக்கா. பயமா இருக்குது."

"சும்மா கெடடி. கறுப்பாத்தான போவுது? பத்து மாசம் உள்ள கெடந்த அழுக்கு. போவட்டும், அப்பதான் ஒடம்பு தேறும்."

எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். சிவந்தது நல்ல ரத்தம், கறுத்தது கெட்ட ரத்தம். கால் வீங்கினால்கூட அட்டையை விட்டுக் கறுப்பை உறிஞ்ச வைப்போம். துணியை மாற்றிவிட்டு, மிளகுக் கஷாயம் வைக்கப் போனேன். மறுபடியும் "அக்கா" என்றாள். அதட்டினேன்.

உச்சிவெயிலில் அவள் உதடு சுண்ணாம்பாக வெளுத்த பிறகுதான் அக்கம்பக்கத்தாரைக் கூவி அழைத்தேன். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். கடுக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று நின்றது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வருவதற்குள் எத்தனை வளைவு! அத்தனை சாமியையும் கூப்பிட்டேன்.

உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். சோதித்துப் பார்த்ததில் என் ரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. படுக்க வைத்து ஊசி குத்தினார்கள். குழாயைப் பார்த்தேன். கறுப்பாக ஓடியது.

"ஐயோ நர்சம்மா, நிறுத்துங்க! என்னுது கெட்ட ரத்தம். அவளுக்கு ஏத்தாதீங்க!"

"கைய ஆட்டாதம்மா. நல்ல ரத்தந்தான். மூச்சுக்காத்த ஏத்திக்கினு நெஞ்சுலேர்ந்து போறப்ப பளிச்சுனு செவப்பா இருக்கும். அத ஒடம்புக்குக் குடுத்துட்டுத் திரும்பறப்ப இப்பிடிக் கறுத்துடும். எனக்கு எடுத்தாலும் இதே நெறந்தான்."

"அப்ப, புள்ள பெத்ததும் கறுப்பாப் போவுதே, அது இன்னா?"

நர்சம்மா என் முகத்தைப் பார்த்தாள். "அதுவும் அவ ரத்தந்தாம்மா. எவ்ளோ நேரம் போச்சு?"

காலையிலிருந்து நான் போகட்டும் என்று விட்டது அத்தனையும் அவள் உயிர். பாவி, நான் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தேன்.

என் ரத்தத்தை அவள் தலைமாட்டில் தொங்கவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூடேறவே இல்லை. பை பாதி இறங்கியிருந்தபோது டாக்டர் அவள் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார். நர்சம்மா குழாயை மூடினாள்.

"ஏன் மூடறீங்க? இன்னும் பாதி இருக்குதே! ஏத்துங்க நர்சம்மா!"

நர்சம்மா என் தங்கை கையிலிருந்து ஊசியை உருவினாள். அந்த இடத்தில் ஒரு பொட்டு ரத்தம்கூட வரவில்லை.