சூப்போடு வழி தப்பிய ஒக்தாவ்

பிரான்சில் கான்தால் மலைப்பக்கம் ஒக்தாவ் என்று ஒரு மரம் அறுப்பவன் இருந்தான். கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டுவான். அப்படி ஒரு உடம்பு. ஆனால் திசை மட்டும் அவனுக்குப் பிறவியிலேயே வாய்க்கவில்லை. சந்தைக்கென்று கிளம்பினால் எதிர்ப்பக்கத்து ஊர்க் கோவில் வாசலில் போய் நிற்பான். நின்றுவிட்டு, "சந்தையை மாத்திட்டாங்களா?" என்று கேட்பான்.

இப்படிப்பட்டவனைத்தான் 1914-இல் பிரான்ஸ் நாடு போருக்குக் கூப்பிட்டது. கும்பலோடு கும்பலாக நடக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்தே ஒன்றரை வருஷத்தை ஓட்டிவிட்டான். 1916 வசந்தத்தில் அவன் படையை வெர்தன் போர்முனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே காடு இருந்ததாகச் சொன்னார்கள். ஒக்தாவ் பார்த்தது அடிக்கட்டைகளைத்தான். இவ்வளவு நல்ல மரத்தை இப்படி வீணடித்துவிட்டார்களே என்று முதல் நாள் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. படை தங்கிய பதுங்கு குழிக்குள் முழங்கால்வரை சேறு. பீரங்கிச் சத்தம் நிற்பதே இல்லை. நின்றால் இன்னும் பயமாக இருந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை பசி. சமையல் வண்டி வெகு தூரம் பின்னால் நின்றது. அங்கே போய்ச் சாப்பாட்டைச் சுமந்து வருகிறவர்கள் பாதி வழியிலேயே அடிபட்டு விழுந்தார்கள்.

ஒருநாள் அந்த வேலைக்கு ஆளே இல்லாமல் போயிற்று. சார்ஜெண்ட் விதால் சுற்றிலும் பார்த்தார். கண் ஒக்தாவின் தோளில் போய் நின்றது.

"வேணாம் சார்ஜெண்ட்," என்றான் மர்த்தியால். அவன் ஒக்தாவின் கூட்டாளி. படுக்கிறது, பேன் பார்க்கிறது எல்லாம் ஒன்றாகத்தான். "இவனை அனுப்பினா சூப்பு ஸ்பெயினுக்குப் போயிடும்."

"வேற யாரு தூக்குவா? நீ தூக்குறியா?"

மர்த்தியால் தன் மெலிந்த கையைப் பார்த்துக்கொண்டான்.

போகும்போது ஒக்தாவ் வேறொரு படையின் ஆட்களோடு ஒட்டிக்கொண்டு சமையல் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தான். ரொட்டிகளைக் கயிற்றில் கோத்து மாலை மாதிரிக் குறுக்கே மாட்டிக்கொண்டான். இடுப்பைச் சுற்றி ஒயின் குடுவைகள். இரண்டு கையிலும் பன்றிக்கொழுப்புப் போட்டு வேகவைத்த பீன்ஸ் சூப்பு வாளிகள். திரும்பி வரும் வழியில் விடியும் நேரம் மூடுபனி இறங்கியது. கூட வந்தவர்கள் எந்தப் பக்கம் பிரிந்தார்களோ, தனியாகிவிட்டான். எதிரில் நீட்டிய கை தெரியவில்லை. குண்டு விழுந்த குழிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கடைசியில் மண்ணுக்குள்ளிருந்து யாரோ இருமுவது கேட்டது.

'வந்துட்டோம்டா சாமி' என்று அவனுக்கு உயிரே வந்தது.

"சூப்பு வந்தாச்சுடா, சோம்பேறிங்களா!" என்று கத்திக்கொண்டே குழிக்குள் சறுக்கி இறங்கினான்.

இறங்கிய பிறகுதான் தொப்பிகளைப் பார்த்தான். ஜெர்மன் தொப்பிகள். ஏழு துப்பாக்கிகள் அவன் நெஞ்சைப் பார்த்து நின்றன.

"கையைத் தூக்கு!" என்றான் ஒருவன், நல்ல பிரெஞ்சில்.

"தூக்கினா சூப்பு கொட்டிடுமே," என்றான் ஒக்தாவ். உண்மையாகவே அது ஒன்றுதான் அப்போது அவனுக்குத் தோன்றியது.

"ஐயையோ, கொட்டிடாதீங்க! அப்படியே நில்லுங்க!"

அப்படிச் சொன்னவன் பெயர் எக்கார்ட். போருக்கு முன்னால் பாரிஸில் ஓர் உணவு விடுதியில் பரிமாறியவன். அந்தக் குழியில் மாட்டிக்கொண்ட அவர்களுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு வரவில்லை. இரண்டு பக்கப் பீரங்கிக் குண்டும் அவர்கள் தலைமேல்தான் விழுந்துகொண்டிருந்தது. குழியில் தேங்கிய தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்து நாக்கு தடித்துக் கிடந்தார்கள். வாளியிலிருந்து வந்த வாசனைக்குத் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. ஓரத்தில் இருந்த ஒருவன் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தான்.

ஒக்தாவுக்குப் பயம் போய்விட்டது. பசித்தவனைப் பார்த்து எப்படிப் பயப்படுவது? வாளியைக் கீழே வைத்தான்.

"உக்காருங்கப்பா. மெதுவா, மெதுவா. வெறும் வயித்துல கொழுப்பு போனா வலிக்கும். முதல்ல ரொட்டியைத் தின்னுங்க."

ரொட்டியை அவனே பிய்த்துக் கொடுத்தான். சாப்பாட்டுக்கு நடுவே எக்கார்ட் பழைய பழக்கத்தில், "இன்னும் கொஞ்சம் கிடைக்குமாங்க?" என்று பணிவாகக் கேட்டபோது ஒக்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒயினும் காலியானது. பிறகு ஏழு பேரும் தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள்.

"நாங்க சரணடையறோம்," என்றான் எக்கார்ட். "உங்க குழிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அது எங்க இருக்குன்னு தெரிஞ்சா நான் ஏன்யா இங்க வரப்போறேன்?"

எக்கார்ட் அவனை ஒரு மாதிரிப் பார்த்தான். "எங்களுக்குத் தெரியும். மூணு நாளா உங்க ஆளுங்க அங்கேருந்துதானே சுடுறாங்க. வாங்க, நாங்க கொண்டு விடறோம்."

ஆக, கைதிகள் முன்னால் நடந்தார்கள். பிடித்தவன் காலி வாளிகளோடு பின்னால் போனான். பிரெஞ்சுக் குழி நெருங்கியதும் எக்கார்ட் ஒதுங்கிக்கொண்டு, "இனிமே நீங்க பேசுங்க," என்றான்.

"சுடாதீங்கடா! நான்தான் ஒக்தாவ்!"

பனிக்குள்ளிருந்து மர்த்தியாலின் குரல் வந்தது. "பொய்! ஒக்தாவாவது, நேரா வந்து சேர்றதாவது! எவனோ ஜெர்மன்காரன் ஏமாத்துறான், துப்பாக்கியை எடுங்கடா!"

"அட நாசமாப்போறவனே! நீ விடற குறட்டைக்கு எலியெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போச்சேடா!"

"அவன்தான். விடுங்க," என்றான் மர்த்தியால்.

வரிசையாக இறங்கிய ஏழு ஜெர்மானியரையும் சார்ஜெண்ட் விதால் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு வாளிகளைப் பார்த்தார்.

"சூப்பு எங்கடா?"

"இவங்க வயித்துல இருக்குங்க."

முதலில் சார்ஜெண்டின் மீசைதான் துடித்தது. அப்புறம் குழி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காலி வயிறு என்பதால் இன்னும் வலித்தது. ஜெர்மானியர் தங்களிடம் மிச்சமிருந்த புகையிலையை எடுத்து எல்லோருக்கும் பங்கு வைத்தார்கள்.

கேப்டன் விஷயத்தை மேலிடத்துக்குச் சொல்லும்போது, 'தனியாளாக எதிரியின் குழிக்குள் பாய்ந்து ஏழு பேரைச் சிறைபிடித்தான்' என்று சொல்லிவிட்டார்.

"நான் பாயலைங்க, வழுக்கிட்டேன்," என்றான் ஒக்தாவ். "பிடிக்கவும் இல்ல. அவங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க."

"வாயை மூடிட்டுப் பதக்கத்தை வாங்கு. கூடவே ஊருக்குப் போக லீவும் வருது."

"லீவா? அப்ப நான்தான் பிடிச்சேன்னு வெச்சுக்கலாம்ங்க."

ஊர் அப்போது ஊராக இல்லை. அங்கே எல்லோரும் பயந்தது சிதோனிக்கு. தபால்காரரான அப்பா போருக்குப் போனதால் அவர் பையை அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். சாவுச் செய்தியை அவள்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அவள் தெருவில் திரும்பினால் கதவுகள் சாத்திக்கொள்ளும். இருபத்திரண்டு வயதுப் பெண். தலை குனிந்தே நடந்து பழகிவிட்டாள்.

ஊர்த்தலைவர் சதுக்கத்தில் பெஞ்சு போட்டு ஒக்தாவை ஏற்றிவிட்டார். வீரக்கதை சொல் என்றார். ஒக்தாவுக்குப் பொய் வராது. வழி தவறியதிலிருந்து வயிற்றுக்குள் போன சூப்புவரை நடந்ததை நடந்தபடியே சொன்னான். துக்கத்துக்குக் கறுப்பு உடுத்திய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. மர்த்தியால் கத்தியதை அவன் சொன்னபோது பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிதோனி. வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை. கண்ணில் நீர் வழிய அவள் சிரிக்கச் சிரிக்க, இரண்டு மகன்களைப் பறிகொடுத்த ரொட்டிக்காரரின் மனைவியும் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பிறகு சதுக்கமே சிரித்தது.

மறுநாள் காலை சிதோனி ஒக்தாவ் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று; இன்னொரு மகனும் படையில் இருந்தான்.

"பயப்படாதீங்கம்மா, தபால் ஒண்ணும் இல்ல. உங்க புள்ளை அந்தக் கதையை இன்னொருவாட்டி சொல்லுவாரான்னு கேக்க வந்தேன்."

சொன்னான். லீவு முடிவதற்குள் பலமுறை சொன்னான். கிளம்பும் நாளில், "உனக்குக் கடிதாசு போடட்டுமா?" என்று கேட்டான்.

"நானே கொண்டுவந்து, என் வீட்டுக் கதவை நானே தட்டி, நானே வாங்கிக்கணுமா?"

"ஆமா."

"சரி, போடுங்க," என்றாள்.

போர் இன்னும் இரண்டு வருஷம் இழுத்தது. சார்ஜெண்ட் விதால் திரும்பவில்லை. இன்னும் பலர் திரும்பவில்லை. மர்த்தியால் ஒரு காலை இழந்தான். ஒக்தாவுக்குக் காது ஒன்று மந்தமானதோடு சரி. 1919 ஜூன் மாதம் வைக்கோல் கொட்டகையில் கல்யாணம் வைத்தார்கள். தபால் பெண்ணுக்குக் கல்யாணம் என்று, அவளுக்குக் கதவைச் சாத்தியவர்கள் அத்தனை பேரும் பாலாடைக்கட்டியும் பன்றித்தொடையும் கொண்டுவந்து குவித்தார்கள். மர்த்தியால் ரயிலேறி வந்திருந்தான். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் மரக்காலோடு ஆட்டத்தில் இறங்கினான். இரண்டாம் பாட்டில் மரக்கால் தளப் பலகையைத் துளைத்துக்கொண்டு தொடைவரை இறங்கிவிட்டது. இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை.

"யாரும் ஆட்டத்தை நிறுத்தாதீங்க!" என்று அவன் அங்கிருந்தே கத்தினான். "எனக்கு ஒரு கிளாஸ் மட்டும் ஊத்துங்க!"

பிடில்காரர் வாசித்துக்கொண்டே இருந்தார். அவனைச் சுற்றி எல்லோரும் வட்டமாக ஆடினார்கள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு ரம்பத்தோடு மண்டியிட்டுப் பலகையை அறுத்தான். மணப்பெண் அவன் தலையில் தெறிக்கும் மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, நிற்க முடியாமல் சிரித்து, அவன் முதுகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.