டெம்பர் உள்ள அண்ணன்

எங்கள் ஊரில் "அவனுக்கு டெம்பர் ஜாஸ்தி" என்றால் கோபக்காரன் என்று அர்த்தம். தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்தபோது என்னைத்தான் அப்படிச் சொல்வார்கள். சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும். அப்படித்தானா என்று பார்ப்போமே என, பழைய புத்தகக் கடையில் வாங்கிய பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். அளவாகக் கலப்பது என்று பொருளாம். சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி நான்கும் சரியாகக் கலந்தவனுக்கு நல்ல குணம் அமையும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். ஆக, அது முதலில் நிதானத்தின் பெயர். கோபம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

எஃகுக்கும் அதே கதைதான். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் விறைத்துப்போய், தட்டினால் தெறிக்கும். மறுபடி இளஞ்சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஓடிவரும்போது சட்டென்று தண்ணீரில் விட்டால் விறைப்பு கொஞ்சம் இறங்கி, உழைக்கும். அதுவும் டெம்பர்தான். இதையெல்லாம் டீக்கடையில் ஒருத்தரையும் விடாமல் பிடித்துவைத்துச் சொன்னேன். ஊருக்குத்தானே உபதேசம்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்கு அவிநாசிப் பக்கத்தில் ஒரு வரன் பொருந்தி வந்தது. ஏற்கெனவே இரண்டு தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்ததும் அவளே வாய் திறந்து சரி என்றாள். அப்பா இல்லை, எல்லாவற்றுக்கும் நான்தான். பெண் பார்க்க வருமுன் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் சொல்லாமல் வந்து குடும்பத்தை விசாரித்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அது எனக்குத் தெரியாததல்ல.

ஒரு மத்தியானம் தகட்டில் துளை போடும் பஞ்ச் ஒன்றுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் வந்தார்.

"ஏனுங்க தம்பி, மோட்டார் ஷாஃப்ட் கடைஞ்சு தருவீங்களா?"

"இருங்க."

மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை வெளிச்சத்தை மறைத்துக் குனிந்து கேட்டார். அதற்குள் நிறம் வைக்கோலைத் தாண்டி ஊதாவுக்குப் போய்விட்டது. அரைநாள் வேலை பாழ்.

"கண்ணு தெரியலையா? வெளிய போய் நில்லு" என்றேன்.

சண்டையில்கூட "ஒதைச்சுப்போடுவேனுங்க" என்கிற ஊர் இது. அப்பா வயசுக்காரரிடம் ஒரு 'ங்க' இல்லாமல் பேசிவிட்டேன். பட்டறையே வேலையை நிறுத்திப் பார்த்தது. அவர், "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் தரகர் வீட்டுக்கு வந்தார். "மாப்பிள்ளையோட பெரியப்பாவைத்தான் நீங்க வெரட்டிப்போட்டீங்களாமா. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அந்த அண்ணங்கிட்ட எப்படிப் போய்ப் பேசறதுங்கறாங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க."

அவர் போனதும், துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையிடம் கத்தினேன். "அந்த ஆளு, தான் யாருன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் துணியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா நீ நல்லாத்தான் பேசியிருப்பே அண்ணா. இப்ப எங்கிட்டக் கத்தறியே, நான் யாருன்னு தெரியாமயா கத்தறே?"