ஃபேனுக்காக வாங்கிய யூபிஎஸ்

எங்கள் வீட்டுக்கு யூபிஎஸ் வந்தது டிவி பார்ப்பதற்காக அல்ல, வீட்டுக்காரர் தூங்குவதற்காக. நிட்டிங் கம்பெனியில் அவருக்கு நைட் ஷிஃப்ட். பனியன் துணி பின்னுகிற மெசின்களை விடிய விடியப் பார்த்துவிட்டு, காலையில் வந்து சாப்பிட்டுப் படுப்பார். மாதத்தில் ஒரு நாள் எங்கள் வேலம்பாளையத்தில் பராமரிப்பு வேலைக்காக ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை கரண்ட் இருக்காது. ஃபேன் ஓடாது, அன்றைக்கு அவருக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. அப்படி ஒரு நாளுக்கு மறுநாள் காலை, வேலை முடிந்து வரும் வழியில் பைக்கிலேயே கண் அசந்து, மண்மேட்டில் ஏற்றி, முட்டி உரிந்து வந்து நின்றார். "ஒண்ணுமில்ல புள்ள" என்றார். மண்மேட்டுக்குப் பதில் லாரியாக இருந்திருந்தால் என்று நினைத்து, சமையல்கட்டுக்குள் போய் அழுதேன். அடுத்த கரண்ட் கட்டுக்குள் யூபிஎஸ் மாட்டியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன், "ஏனுங்க்கா, எந்தெந்த பாயிண்ட்டுக்குங்க லைன் குடுக்கோணும்?" என்று கேட்டார். பெட்ரூம் ஃபேன், ஹால் லைட், அப்புறம் என் தையல் மெசின் என்றேன். டீ-ஷர்ட்டுக்குக் காலர் தைத்துக் கொடுப்பது என் வேலை.

"கரண்ட் இல்லாத நாள்லயாவது சும்மா இருக்க மாட்டியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

"சின்ன மோட்டார்தானுங்க, தாங்கும்" என்று எலெக்ட்ரீஷியன் என் பக்கம் சேர்ந்துகொண்டார். பேட்டரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சூடத்தை எடுத்ததும் மனுசன் பதறிப்போய், "அக்கா, அதைய மட்டும் வாசல்ல காட்டிக்குங்க" என்றார்.

அந்த நாளும் வந்தது. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, ஃபேன் நிற்கவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, வீட்டுக்காரர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"எந்த மெசின் நின்னுபோச்சு?"

"ஃபேன் சுத்திட்டுத்தானுங்க இருக்குது, போய்ப் படுங்க!" என்று கத்தினேன். படுத்தவர் புரண்டுகொண்டே இருந்தார். அந்தக் கடுப்பில் மெசினில் உட்கார்ந்து காலர்களைத் தைத்துத் தள்ளினேன். பத்தாவது காலரில் குறட்டை கேட்டது. டீ வைக்க எழுந்தேன். "என்னாச்சு புள்ள?" என்று உள்ளேயிருந்து குரல். மறுபடி உட்கார்ந்து மோட்டார் பெடலை மிதித்தேன், மறுபடி குறட்டை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்துச் சந்திலும் ஒரு நிட்டிங் கம்பெனி இருக்கிறது. தினமும் அந்தச் சத்தத்தில்தான் அவர் தூங்குகிறார். கரண்ட் போனால் அங்கேயும் மெசின் நின்றுவிடும். மெசின் நின்றால் நூல் அறுந்திருக்கும், இல்லையென்றால் ஊசி உடைந்திருக்கும், ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷமாக அவர் காது பழகியது அதற்குத்தான். நானோ ஃபேனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என் அறிவை என்ன சொல்ல!

பன்னிரண்டு மணிக்குக் காலர் தீர்ந்துவிட்டது. அவர் தூங்கி எழ இன்னும் நாலு மணி நேரமாவது வேண்டும். ஊசியிலிருந்து நூலை உருவிவிட்டு வெறும் மெசினை மிதித்துக்கொண்டிருந்தேன். கால் கடுத்தது, ஆனால் மனசு நிறைந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, துணியே இல்லாம என்னத்தைங்க தெக்கறீங்க?" என்றாள்.

"தூங்கறாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

நாளைக்குக் காலையில் வாசலில் அவர் பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்க வேண்டும். என் காது பழகியது அதற்குத்தான்.