மாவ்ஷியின் கோப்பை

என் அத்தைக்கு என்ன வேலை என்று கேட்டால் அப்பா ஓவியம் என்பார், அம்மா போட்டோ என்பாள். படமோ, குரலோ, வெறும் சுவரோ, எது கிடைத்தாலும் அதை வைத்து நாலு பேரை யோசிக்க வைப்பதுதான் தன் வேலை என்பாள் அத்தை. நாத்தனார் என்பதால் அம்மா அதற்கு மேல் கேட்கமாட்டாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பாணேரில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் கிளப் ஹவுசில் அத்தை ஒரு கண்காட்சி வைத்தாள். பூப்படங்கள் என்று நினைத்துத்தான் செக்ரட்டரி அனுமதி தந்திருக்க வேண்டும். சுவர் முழுக்கக் கோப்பைகளின் போட்டோக்கள். வீட்டு வேலை செய்யும் மாவ்ஷிகளுக்கென்று எங்கள் சொசைட்டி வீடுகளில் தனியே ஒதுக்கி வைத்திருந்த டீக் கோப்பைகள். படத்துக்குப் படம் ஒரு ஹெட்போன். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, மாவ்ஷிகள் சொன்னதை வேறு பெண்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். பெயர், பிளாட் எண் எதுவும் கிடையாது.

எல்லோரும் யார் வீடோ என்று உச்சுக்கொட்டியபடி நகர்ந்தார்கள். அம்மாவும் கொட்டினாள். ஒரே ஒரு படத்தை மட்டும் நின்று பார்க்காமல் கடந்தாள்.

நான் நின்றேன். கைப்பிடி உடைந்த கோப்பை, அதில் காது கிழிந்த பூனை ஸ்டிக்கர். ஒட்டியதே நான்தான். ஆறு வருடமாகத் துடைக்கும் வீட்டில் பால்கனித் தரையில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன் என்று ஹெட்போனில் ஒரு குரல் மராத்தியில் சொன்னது. எங்கள் வீட்டுக் கோப்பை சுவரில் தொங்கிய பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா, இது நம்ம கப்பு. நம்ம மாவ்ஷியோடது."

அம்மா திட்டவில்லை. "வீட்டுக்குப் போலாம் வா" என்றாள். என்னை விட்டுவிட்டு அவள்தான் வேகமாகப் போனாள். நான் விளையாடும் இடத்துக்குப் போய், பார்த்தவர்களிடமெல்லாம் அது எங்கள் மாவ்ஷியின் கோப்பை என்று பெருமையடித்தேன்.

மறுநாள் காலையிலேயே அம்மா மாவ்ஷியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். எங்கள் சொசைட்டியிலேயே அவளுக்கு இன்னும் மூன்று வீடுகளில் வேலை இருந்தது. அத்தை மூச்சிரைக்க வந்து என் முன்னால் மண்டியிட்டாள்.

"வேற யார் யாருகிட்ட சொன்னே, கண்ணு?"

அந்த வாரமே மாவ்ஷி சொசைட்டிக்குள் வருவதற்கான கேட் கார்டை ரத்து செய்துவிட்டார்கள். அதன்பின் நான் அவளைப் பார்க்கவில்லை. இன்றும் நினைத்தால் கூசுகிறது. மீதி மூன்று வீடுகளையாவது காப்பாற்ற முடியுமா என்றுதான் அத்தை அன்று அப்படிக் கேட்டாள். எனக்கோ அது பாராட்டாகப் பட்டது. செக்ரட்டரி அங்கிள், வாட்ச்மேன், பி விங் ஆன்ட்டி என்று விரல்விட்டு எண்ணினேன். அத்தையின் முகம் வாடியதும், இத்தனை பேர் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சொல்லாத இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன்.