கால் ஒடிஞ்சா சீட்டு இருக்குமா?

என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே கோல், வேலைக்கான நேர்காணலில் போட்டது. தாம்பரத்துக்கு மேற்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தார்கள். படிப்பைத் தவிர வேறென்ன என்று கேட்டார்கள். "காலேஜ்ல ஃபுட்பால் டீம்ல இருந்தேன் சார்" என்றேன். பொய் இல்லை. அணியின் புகைப்படத்தில் இருக்கிறேன். வலது ஓரத்தில், குளுக்கோஸ் டப்பாவோடு. மூன்று வருடமும் டப்பா என் கையில்தான் இருந்தது. பந்து ஒரு முறைகூட என் காலுக்கு வரவில்லை. ஒரே ஒரு முறை முகத்துக்கு வந்தது.

பல வருடம் கழித்து அந்தப் பதில் என்னைத் தேடி வந்தது. கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணி ஆரம்பிப்பதென்று முடிவாகி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆட்டக்காரிகளைப் பிடித்துவர பி.டி. மாஸ்டரோடு ஒரு பேராசிரியரும் போகவேண்டும் என்றார்கள். மாஸ்டர் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்வார். பெற்றோரிடம் பாடப்பிரிவு, வேலைவாய்ப்பு என்று பேச ஒரு வாய் வேண்டும். பிரின்சிபால் என் பழைய ஃபைலைப் புரட்டியிருக்கிறார். "நீங்கதான் ஃபுட்பாலர் ஆச்சே!"

இப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, பம்மலில் ஒரு சந்துக்குள் மாஸ்டரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். நாங்கள் தேடிப்போன பெண் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். பள்ளி அணியில் இடதுகால் ஃபார்வர்ட். முந்தைய வாரம் அவள் ஆடியதைப் பார்த்திருந்தேன். எதிரணி கோல்கீப்பர் வலப்பக்கம் தயாராக நிற்க, பந்து இடப்பக்கம் சாவகாசமாக உள்ளே போனது. இடதுகாலால் உதைப்பவள் சாப்பிடுவதும் இடதுகையாலா என்று எனக்கு ஒரே யோசனை. அவள் வீட்டில் கேட்டும்விட்டேன்.

"வலது கைதான் சார்" என்றாள் அவள். மாஸ்டர் என்னை முறைத்தார்.

அவளுடைய அம்மா ஒரு ஷூ யூனிட்டில் மேல்தோல் தைப்பவர். எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் பிரோஷரை விரித்து, ஆய்வகம், பஸ் வசதி, ஃபீஸ் முழுக்கத் தள்ளுபடி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் பிரோஷரைத் தொடவே இல்லை.

"ஒண்ணு கேக்கறேன் சார். கால் ஒடிஞ்சா சீட்டு இருக்குமா?"

"அதெல்லாம் ஆகாதும்மா" என்றார் மாஸ்டர்.

"ஆனா?"

"நாங்க நல்லா பாத்துப்போம்மா."

"பாத்துக்குவீங்க சார். ஒடிஞ்சா இன்னா பண்ணுவீங்க, அத்த சொல்லுங்க. ஒடிஞ்ச காலோட நாலு வருசம் படிக்க வுடுவீங்களா, இல்ல ஃபீஸ் கட்டுன்னு சொல்லுவீங்களா?"

மாஸ்டர் டீயைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். "சீட்டு இருக்கும்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அம்மா ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, திங்கக்கெழம வந்து சேத்துர்றோம்" என்றார்.

ஆட்டக்காரர்களைப் பிடிக்கும் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையில் ஒரிஜினல் சர்டிபிகேட் இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் ஆள். மதிப்பெண் பட்டியல், டி.சி. இரண்டையும் வாங்கி பீரோவில் பூட்டிவிட்டால், பையனோ பெண்ணோ நடுவில் வேறு கல்லூரிக்குத் தாவ முடியாது. அப்படிப் பூட்டிவைக்கக் கூடாதென்று விதி இருக்கிறது. அதனால் 'சரிபார்ப்பதற்காக' என்று எழுதி ஒரு ரசீது கொடுப்போம். சரிபார்த்து முடிக்கச் சரியாக நான்கு வருடம் ஆகும்.

திங்கட்கிழமை அந்த அம்மா பளபளவென்று லேமினேட் செய்த ஒரிஜினல்களோடு வந்தார். கிளார்க் வேறு கூட்டத்தில் மாட்டியிருந்ததால், ஃபுட்பாலராகிய நானே வாங்கிப் பார்த்து, 'ஒரிஜினல் பெறப்பட்டது' என்று ரசீதில் கையெழுத்துப் போட்டேன். படு ஸ்டைலாகப் போட்டேன்.

முதல் வருடம் அவள் எங்களுக்கு இரண்டு கோப்பை வாங்கிக்கொடுத்தாள். அட்மிஷன் நேரத்தில் முடிச்சூர் சாலையில் ஒரு பெரிய விளம்பரப் பலகை முளைத்தது. காற்றில் பறக்கும் அவள் இடதுகால், அதன் கீழே 'உங்கள் கனவுகளுக்கு இங்கே கோல்!' அந்த வாசகம் என்னுடையது. மன்னிக்கவும்.

அதே சமயத்தில்தான் என் கை சும்மா இருக்காமல் ஒரு காரியம் செய்தது. பாடப்புத்தகத்தில் இருந்த தேனீ பற்றிய பத்தி மாணவர்களுக்கும் சலித்து, எனக்கும் சலித்து, ஒருவேளை தேனீக்கும் சலித்திருந்தது. பதிலாக, அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிப் படித்த செய்தியை ஒரு பத்தியாக எழுதி வகுப்பில் கொடுத்தேன். அங்கே கல்லூரி ஃபுட்பாலுக்குக் கூட்டம் அலைமோதும். டிக்கெட், டிவி என்று பணம் கொட்டும். அந்த வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கும் இனி கல்லூரியே பங்கு தரலாம் என்று ஆகியிருக்கிறது. அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, பந்தைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவதை. காலுக்கு அதில் பெரும்பாலும் ஓடுகிற வேலைதான். அப்படிப் பார்த்தால் அங்கே நானும் ஆடியிருப்பேன். டப்பா பிடித்துப் பழகிய கை.

பத்திக்குக் கீழே ஐந்து கேள்விகள். ஐந்தாவது: 'இதை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.'

இடதுகால் பெண்ணின் விடைத்தாளைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'ஏற்கிறேன். சனி, ஞாயிறில் எங்கள் மைதானத்தை சிறுசேரி கம்பெனிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அப்போது நாங்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறோம். சாலையில் பலகையில் இருப்பது என் கால். மைதான வாடகையில் எங்கள் அணிக்கு ஒரு பங்கு வேண்டும். அதே கால் ஒடிந்தால் என் சீட்டு இருக்குமா? காரணம் தருக.'

ஐந்துக்கு நாலரை போட்டேன். அரை மதிப்பெண்ணைக் கேள்வி கேட்பவர்களிடம் பிடித்துக்கொள்வது எங்கள் தொழில் தர்மம்.

அவள் எழுதியது நிஜமா என்று பார்க்க, அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். நிஜம்தான். ஐ.டி. கம்பெனி அணிகள் இரண்டு, அணிக்கு ஏழு பேர், பளிச்சென்ற ஜெர்சி. முக்கால்வாசிப் பேருக்கு ஜெர்சியை முந்திக்கொண்டு தொப்பை ஓடியது. ஓய்வில் தண்ணீர் குடிக்க வந்த ஒருவரிடம் கேட்டேன்: "ஏன் சார், சிறுசேரியிலேர்ந்து இவ்ளோ தூரம்?"

"கிரவுண்ட் சூப்பரா இருக்கு சார். அதோட ஒரு பொண்ணு விளையாடற போர்டு பாத்தோம். ஃபுட்பாலுக்கு நல்ல காலேஜ் போலன்னு வந்தோம்."

ஆக, பலகை பார்த்து வந்தவர்கள் உள்ளே ஆடினார்கள். பலகையில் இருந்தவள் கேட்டுக்கு வெளியே, ஷூ லேஸை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கரெக்டா எழுதியிருந்தேனா சார்?" என்றாள். "ஸ்பெல்லிங் மட்டும் ரெண்டு தப்பு" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள், வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான், ஸ்டாஃப் ரூமில் அந்த விடையை நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

கரஸ்பாண்டன்ட் இந்த ஊர்க்காரர். கல்லூரி நிற்பது அவர்கள் குடும்ப நிலம். மைதானம் முன்பு நெல் வயல். அடைமழையில் அது இப்போதும் பழைய தொழிலுக்குத் திரும்பிவிடும்.

"யார் சார் இந்தப் பாடத்தை நடத்தினது?"

"நான்தான் சார்."

"அமெரிக்காவுல குடுக்கறான்னா இங்க குடுக்கணுமா? ஃப்ரீ சீட்டு குடுத்திருக்கேன், அதுதான் பங்கு. ரொம்பப் பேசினா அடுத்த வருஷம் கன்செஷன் கட். ஒரிஜினல் நம்மகிட்டதானே இருக்கு?"

"இருக்கு சார். நானே வாங்கினேன்."

"அப்ப எங்க போவா? ஃபைலை எடுத்துட்டு வாங்க."

கன்செஷன் போனால் படிப்பு போகும். ஷூ தைக்கும் கையால் பொறியியல் ஃபீஸ் கட்ட முடியாது. வேறு கல்லூரிக்கும் போக முடியாது. நாலரை மதிப்பெண் போட்டதற்கு ஒரு பெண்ணின் நான்கு வருடத்தைப் பலி கொடுக்கப்போகிறோமே என்று நினைத்துக்கொண்டே ஆபீஸுக்கு நடந்தேன்.

ஆபீஸ் பீரோவில் அவள் ஃபைலைத் தேடி எடுத்தேன். பெரியவர் முன்னால் வைக்கப்போகிறோம், ஒழுங்காகக் கட்டித் தருவோம் என்று ஃபைல் டேக்கை எடுத்து, மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் இருந்த ஓட்டையில் நுழைத்தேன். நுழையவில்லை. லேமினேஷன்தான் தடுக்கிறது என்று மறுபடி குத்தினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஓட்டை இருந்த இடத்தில் ஓட்டை இல்லை, ஓட்டையின் படம் இருந்தது. வட்டமாக, கறுப்பாக, அருமையான கலர் ஜெராக்ஸ். டி.சி.யும் அப்படியே. மேலே லேமினேஷன். கீழே ரசீதில், 'ஒரிஜினல் பெறப்பட்டது', என் ஸ்டைலான கையெழுத்து.

"ஃபைல் இன்னும் கிடைக்கல சார்" என்று கரஸ்பாண்டன்டிடம் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து நேராகப் பம்மலுக்குப் போனேன்.

அந்த அம்மா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"ஒரிஜினல் வூட்லதான் கீது சார். பீரோவுல."

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"நான் கால் ஒடிஞ்சா சீட்டு இருக்குமான்னு கேட்டப்ப, இருக்கும்னு சொன்னீங்க. ஆனா என்ன பாத்து சொல்லல சார், அந்த மாஸ்டர பாத்துகினு சொன்னீங்க. நம்ம கையிலயும் ஒண்ணு இருக்கட்டும்னுதான்."

இந்த முறை தரையில் உட்கார்ந்தது நான்.

"படப்பை பக்கத்துலேர்ந்து இன்னொரு காலேஜ்காரங்க ரெண்டு தபா வந்துட்டாங்க, ஸ்வீட் பாக்ஸோட. அவங்களும் இருக்கும்னுதான் சொன்னாங்க, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகினு. இவளுக்கு உங்க காலேஜ்தான் புடிச்சிருக்கு. எழுதிக் குடுத்தா இருக்கட்டும். இல்லாட்டி போய்க்கினே இருப்பா."

"கரஸ்பாண்டன்ட்கிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான் சார் சொல்லணும். நான் சொன்னா மெரட்டறேன்னு சொல்லுவாங்க. கையெழுத்தும் நீங்கதான போட்டீங்க?"

நியாயமான பேச்சு. மறுநாள் காலை ஃபைலோடு போய் நின்றேன். டேக்கை அந்தப் படத்து ஓட்டையில் குத்திக் காட்டி, படப்பைக்காரர்களின் ஸ்வீட் பாக்ஸையும் அந்த அம்மா எழுத்தில் கேட்பதையும் சொன்னேன். கரஸ்பாண்டன்ட் தானும் ஒரு முறை குத்திப் பார்த்தார். அப்புறம் ரசீதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டது, இனி எந்த நேர்காணலிலும் ஃபுட்பால் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மூலப்பத்திரத்த எவனாவது முதல்லயே குடுப்பானா? எங்கப்பா கடைசி வரைக்கும் பேங்க்காரனுக்கே நகல்தான் காட்டினாரு. அந்தம்மாகிட்ட நிலம் இருந்திருந்தா நான் வாங்கியிருக்க முடியாது. அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. நீங்களும் இருங்க, எங்கயும் போகாதீங்க."

அவள் பயிற்சி உடையிலேயே மாஸ்டரோடு வந்து நின்றாள். சீட்டு விஷயத்தை அவர் உடனே ஒத்துக்கொண்டார். கால் ஒடிந்தாலும் நான்கு வருடமும் தள்ளுபடி உண்டு, எழுதியே தருகிறேன் என்றார். வாடகைப் பங்கில்தான் இழுபறி.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வாடகை உங்க டீமுக்கு. போதுமா?"

"ரெண்டு சார்."

"கிரவுண்டு என்னுதும்மா."

"போர்டுல கால் என்னுது சார்."

அவர் என் பக்கம் திரும்பி, "இங்கிலீஷ் நல்லா சொல்லிக்குடுத்திருக்கீங்க" என்றார். பாராட்டா என்று இன்னும் விளங்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. இரண்டுக்கு அவர் மசியவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை மைதானம் அணிக்கு என்று ஒரு வரி சேர்ந்தது. அதை அவள் கேட்கவே இல்லை. வெளியே போகிற வழியில் மாஸ்டர் மெதுவாகக் கேட்டு வாங்கினார். ஒரு வருடமாக அந்த டீயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போலிருக்கிறது.

கடிதம் லெட்டர்ஹெட்டில் தயாரானது. அதை வாங்க அந்த அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தார். மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'கால்' என்று மட்டும் போட்டிருந்த இடத்தில், "முட்டி, கணுக்காலு எல்லாம் சேந்ததுதான?" என்று கேட்டு, அதையும் எழுதவைத்தார். பிறகு நாக்கில் விரலை வைத்து ஈரமாக்கி, கரஸ்பாண்டன்ட் கையெழுத்தின் வாலில் லேசாகத் தேய்த்தார். பச்சை மை கலங்கி விரலில் ஒட்டியது. அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒரிஜினல்தான்" என்றார் மகளிடம்.

அப்புறம் தன் பைக்குள் கைவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து சர்டிபிகேட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். "சரிபாத்துக்கங்க சார்." ஓரத்தில் நிஜமான ஓட்டை. என் சுண்டுவிரல் நுனியை அதில் விட்டுப் பார்த்தேன், போனது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு டேக்கை எடுக்கப்போனேன்.

அதற்குள் அவர் சர்டிபிகேட்டுகளையும் கடிதத்தையும் ஒன்றாக அடுக்கிக் கவருக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்துவிட்டார்.

"ஃபைலுக்கு அந்த ஜெராக்ஸே இருக்கட்டும் சார். ஒரு வருசமா நல்லாத்தான இருந்துச்சு?"