மெஹர்னிசா எரித்த இரண்டு இழைகள்

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் முஸ்தபாவின் ஜவுளிக்கடை. அதன் பின்கட்டில் வீடு. துணியை விற்பது முஸ்தபா. எது என்ன துணி என்று பார்த்துச் சொல்வது அவர் மனைவி மெஹர்னிசா. செயற்கைப் பட்டை அசல் பட்டு என்று சொல்லி ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்த ஐம்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணப் புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பெண்கள் பின்வாசல் வழியாக அவளைத் தேடி வருவார்கள்.

முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவி விளக்கில் காட்டுவாள். பட்டு சட்டென்று பற்றாது. சுருண்டு, தலைமுடி கருகும் நாற்றம் அடிக்கும். நுனியில் நிற்கும் கரிய உருண்டை விரலில் நசுக்கினால் பொடியாகும். பருத்தியும் செயற்கைப் பட்டும் காகிதம்போல எரிந்துவிடும். அவை இரண்டையும் பிரித்தறிய, வேறோர் இழையை நனைத்து இழுப்பாள். செயற்கைப் பட்டு ஈரத்தில் அறுந்துபோகும், பருத்தி தாங்கும். போலி என்று தெரிந்தால் மறைக்கமாட்டாள். கண் கலங்கும் பெண்ணிடம், "உட்டுத் தள்ளு. கட்டிக்கினா அழகாத்தான் இருக்கும்" என்பாள்.

ஆண்கள் முழுப்பட்டு உடுத்துவது மார்க்கத்தில் ஆகாது. ஆனாலும் கணவருக்குப் பளபளப்பாக ஏதாவது போட்டுப் பார்க்க அவளுக்கு ஆசை. பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஒருவரிடம் சொல்லி, நீள இழை பட்டு, குறுக்கு இழை பருத்தி, அதிலும் பருத்தியே மிகுதி என்று ஒரு பச்சைத் துண்டு நெய்யவைத்தாள். அந்தக் கரையில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. முஸ்தபா அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"இன்னா மெஹரு, மாப்ளை மாதிரி கீறேனா?"

"எனக்கு எப்பவும் மாப்ளைதானே" என்றாள்.

அந்த ஐப்பசியில் அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு தீபாவளிச் சரக்கு எடுக்க மெட்ராசுக்குப் போனவர், கால்வாய் வழியாகச் சரக்குப் படகில் திரும்பினார். பழவேற்காட்டு ஏரிக்குள் நுழைந்த நேரத்தில் புயல் பிடித்தது. படகு கவிழ்ந்தது. படகோட்டிகள் இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். "கடைசியா பாக்கும்போது பலகை ஒண்ணைப் புடிச்சிக்கினுதான் இருந்தாரு" என்றார்கள். வெள்ளம் முகத்துவாரம் வழியே கடலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பலகையை நம்பியே வீடு காத்திருந்தது. மெஹர்னிசா அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள். மாமியார் பீவி ஜான் வாசற்படியை விட்டு நகரவில்லை. முஸ்தபாவின் தம்பி ஹனீப் கரையோரக் குப்பங்களில் எல்லாம் விசாரித்தான்.

ஒரு நாள் காலையில் அவன் சிறு பொட்டலத்துடன் வந்தான். முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் அடையாளம் தெரியாத ஓர் ஆணின் உடல் ஒதுங்கியதாம். வைத்திருக்க முடியாத நிலை. மணல் மேட்டில் புதைத்துவிட்டார்கள். யாராவது தேடி வருவார்கள் என்று பூவம்மாள் என்ற மீனவப் பெண் கழுத்துத் துணியை மட்டும் கழற்றி வைத்திருந்தாள்.

"நெறமே தெரியல அண்ணி. சேறும் தாருமா கெடக்குது. அண்ணனோடதா இருக்காது. நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லிடுங்க."

மெஹர்னிசா துணியை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தாள். கைக்கு எதுவும் பிடிபடவில்லை, சொரசொரவென்று விறைத்திருந்தது. பிறகு விளக்கை ஏற்றினாள். முதலில் குறுக்கு இழை ஒன்றை உருவிக் காட்டினாள். குப்பென்று பற்றியது. இன்னொன்றை நனைத்து இழுத்தாள். அறுந்துபோகவில்லை.

"இன்னா வருது?" என்றாள் பீவி ஜான்.

"பருத்தி, மாமி."

"நீ அவனுக்குப் பட்டு போட்டுதானே நெய்யச் சொன்னே? அப்போ இது அவன் இல்ல! அல்லாவே!" கிழவி இரு கைகளையும் ஏந்தினாள். ஹனீப் எத்தனையோ நாட்களுக்குப் பிறகு சிரித்தான்.

அங்கேயே விளக்கை அணைத்திருக்கலாம். குறுக்கு இழை, நீள இழை என்பதெல்லாம் அவர்கள் இருவருக்கும் தெரியாது. மெஹர்னிசா நீளவாக்கில் ஓர் இழையை உருவினாள். விளக்கருகே கொண்டுபோகக் கை வரவில்லை. மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டாள். இழை பற்றவில்லை. சுருண்டது.

முடி கருகும் நாற்றம் அறையில் பரவியது. பல வருடங்களாக அந்த வீட்டில் அடிக்கும் நாற்றம்தான். பீவி ஜான் ஏந்திய கைகள் அப்படியே நின்றன. பிறகு மெஹர்னிசா விளக்கின் முன் குப்புற விழுந்து, அவர் பெயரைச் சொல்லிக் கதறினாள்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்ததும் ஹனீப் அவளை அந்தக் குப்பத்துக்குப் படகில் கூட்டிப்போனான். பூவம்மாள் மணல் மேட்டைக் காட்டினாள்.

"மொகம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று மெஹர்னிசா கேட்டாள்.

பூவம்மாள் மேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தூங்கற மாதிரிதான் இருந்தாரு பாயம்மா. ஒரு கீறல் இல்ல."

கடலில் பல நாள் கிடந்த முகம் எப்படி இருக்கும் என்று மெஹர்னிசாவுக்குத் தெரியாமல் இல்லை. அவள் பூவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹனீப் கடையைப் பார்த்துக்கொண்டான். மெஹர்னிசா வருடம் ஒருமுறை அந்த மேட்டுக்குப் போய்வந்தாள். பிறகு இன்னொரு புயல் அடித்தது. அந்த வருடம் அவள் போய் இறங்கியபோது மேடே இல்லை. கரை முழுக்க ஒரே மட்டமாகக் கிடந்தது.

"இங்கதான் பாயம்மா... இல்ல, இன்னும் கொஞ்சம் அந்தாண்ட" என்று பூவம்மாள் அங்குமிங்கும் நடந்தாள். கடைசியில் மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மெஹர்னிசா எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், கைகளை ஏந்தி அந்தக் கரை முழுவதற்குமாக துஆ கேட்டாள். அவள் படகில் ஏறும்வரை பூவம்மாள் கூடவே வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.