மருமகன் அனுப்பிய வீடியோ டெக்

லப்பைக்குடிக்காட்டு டீக்கடையில் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். முந்திரி வியாபாரத்தில் என்னை அசைக்க உடையார்பாளையத்தில் ஆளில்லை.

கடையில் துபாயிலிருந்து வந்த வீடியோ டெக்கில் படம் ஓடுகிறது. வெளிநாட்டுக்கு உல்லாசமாகப் போன ஜோடிகள் ஆள் மாறிக் காதலித்து, ஓட்டல் அறைகளில் ஒளிந்து ஓடுகிறார்கள். பெஞ்சு குலுங்கச் சிரிக்கிறோம். கடைக்கார பாய் மட்டும் சிரிக்கவில்லை.

“டெக் யாரு வாங்கினது பாய்?”

“மருமவன் அனுப்புனது. நிக்காஹ் முடிஞ்ச கையோட துபாய் போனாரு. புள்ள மொகத்த இன்னும் பாக்கல. லீவு இல்லன்னு இத அனுப்பிட்டாரு.”

“நான் பேசி வரவழைக்கிறேன். நான் தொட்ட காரியம் எதுவும் நின்னதில்ல.”

“அங்கயே வேற ஒருத்திய முடிச்சுக்கிட்டாருங்க. மவ இத வூட்டுக்குள்ளயே விடல.”

படத்தில் அவரவர் அவரவர் ஜோடியோடு சேர்கிறார்கள். பெஞ்சில் கைதட்டுகிறார்கள்.

“நிறுத்திடுங்க பாய்.”

“நிறுத்துனா ஆளுங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. அவளும் புள்ளயும் சாப்புடணும்ல?” என்றபடி, அதே படத்தை முதலிலிருந்து போடுகிறார்.